முதல் இருபது நிமிடம்

அன்பு மகளே,

கிரீஸ் கறையை மன்னித்துவிடு, கை கழுவக்கூடப் பொறுமையில்லை. நம் அறுபத்தேழு மாடல் கேமரோ காருக்கு இஞ்சின் பூட்டிவிட்டேன்!

"புது கம்ப்யூட்டர் இஞ்சினைப் போடுப்பா, சாவியைத் திருப்பினாப் போதும்" என்றான் பக்கத்து வீட்டு வெர்லின். நான் பழைய வி-எட்டு இஞ்சினையே பிடிவாதமாகத் தேடி வாங்கினேன். "கிழவனுக்குக் கிறுக்கு முத்திருச்சு" என்று சிரிக்கிறான்.

முதல் ஸ்டார்ட்டில் இருபது நிமிடம் இதன் வேகம் குறையவே கூடாது. குறைந்தால் உள்ளே தேய்ந்து பாழாகிவிடும். ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருக்க, இன்னொருவர் முன்னால் நின்று ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

போனமுறை நீ ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததால்தான் பழைய இஞ்சின் பாழானது என்று ஒஹாயோ முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆனால் வேகம் குறையும்போது அது எழுப்பும் உறுமலைக் கேட்கும் ஆசையில் "மெதுவா விடு" என்று கத்தியது நான்தான்.

சனிக்கிழமை வருவாயா? தனியாளாக ஸ்டார்ட் செய்ய முடியாது என்பதால்தான் இந்த இஞ்சினைத் தேர்ந்தெடுத்தேன்.

உன் அப்பா