மூணாவது நட்டு

அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முட்டி வலி தேவலையா? பிள்ளைங்க ஒழுங்கா சாப்பிடுதுங்களா?

"உனக்கு இன்ஜின் சத்தம் புரியாது, போய் வண்டி கழுவு"ன்னு ஃபோர்மேன் எல்லார் எதிரிலும் சொன்னதை எழுதியிருந்தேனே. ரெண்டு மாசமா கறுவிக்கிட்டேதான் கழுவினேன்.

போன வாரம் ஒரு பழைய டீசல் வேன் திக்கித் திணறி, வெள்ளைப் புகையா கக்கிக்கிட்டு வந்துச்சு. ஃபோர்மேன் மூணு நாள் ஃபில்டர், பம்புன்னு மாத்தியும் அடங்கல. முதலாளி என்னைக் கூப்பிட்டார். இன்ஜினை ஓடவிட்டு, டீசல் போற குழாய் நட்டுகளை ஒவ்வொண்ணா தளர்த்தி டீசலை நிறுத்தி, திரும்ப இறுக்கினேன். மத்ததுக்கெல்லாம் சத்தம் இறங்குச்சு. மூணாவதுக்கு மாறவே இல்ல. டீசலைப் பீச்சுற அந்த நாசில்தான் அவுட்.

"எப்படிய்யா கண்டுபிடிச்ச?"

"நிறுத்தினாலும் சத்தம் மாறலேன்னா, அது வேலையே செய்யலன்னு அர்த்தம் முதலாளி. ஃபோர்மேன் போன மாசம் நாலு நாள் லீவுல போனாரே, பட்டறைச் சத்தம் மாறிச்சா?"

முதலாளி விழுந்து விழுந்து சிரிச்சார். ஃபோர்மேன் மூஞ்சியில ஈயாடல. எனக்கு வயிறு குளுந்துபோச்சு.

யாராவது இங்க வந்தா என் பழைய போர்வையைக் குடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

வேலைக்குக் கூப்பிடுறாங்க, கிளம்பறேன். ஒண்ணு மட்டும் உள்ளபடி எழுது. நான் வந்து ரெண்டு வருஷமாச்சே, நம்ம வீட்டுச் சத்தம் மாறிச்சா?