ஆதிச்சநல்லூர் போய் வந்தேன், அத்தை

என்னோடு ஊர் ஊராக அலைந்த அத்தைக்கு,

ஆதிச்சநல்லூர் போய்விட்டு வந்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் இருந்திருந்தால் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் “என்னட்டி, பாத்தியா?” என்று கேட்டிருப்பீர்கள்.

நம் இரண்டு பேருக்கும் இந்தப் பித்து பிடித்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கீழடியைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்ன அன்று, உங்கள் மகன் கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, மண்சட்டி பார்க்க மதுரைப் பக்கம் போகணுமா, கோவில்பட்டிச் சந்தையில் கிடைக்காதா என்றார். நீங்கள்தான், நான் கூடப் போகிறேன் என்றீர்கள். அதிலும் ஒரு பேரம். காலையில் உங்கள் மீனாட்சி, மத்தியானம் என் மண்சட்டி.

பெயர் கீறிய பானை ஓடுகளுக்கு முன்னால் நீங்கள் நின்றது நினைவிருக்கிறதா? அதில் உள்ள பெயர்களைப் பக்கத்துப் பலகையில் பார்த்துப் படித்துச் சொன்னேன். “நாம சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்டுதோம்லா, அது மாதிரியா?” என்றீர்கள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் உங்களை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

அப்புறம் கழுகுமலை. முழங்கால் வலியோடு சமணச் சிற்பங்கள் வரை ஏறினீர்கள். வெட்டுவான் கோயிலைப் பாதியில் விட்டவர்களைப் பெயர் தெரியாமலே திட்டினீர்கள். ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போன இடத்தில், பந்தி முடிந்ததும் என் கையைப் பிடித்து எழும்பூர் மியூசியத்துக்கு இழுத்துப் போனதும் நீங்கள்தான். ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த சாமான்களை அங்கே பார்த்தோம். “நம்ம பக்கத்துச் சாமான் இங்கன வந்து கெடக்கே. எடுத்த எடத்த ஒருக்கா பாக்கணும்ட்டி.”

பார்த்துவிடலாம் என்றேன். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். அவ்வளவு பக்கம் என்பதாலேயே தள்ளிப்போட்டோம். தூரத்து ஊர்களுக்கெல்லாம் நாள் பார்த்தோம், பக்கத்து ஊர் எங்கே போய்விடப்போகிறது என்று இருந்தோம். ஊர் எங்கேயும் போகவில்லை, அத்தை.

பங்குனியில் நீங்கள் போனதற்குப் பிறகு வீட்டில் யாரும் பயணப் பேச்சே எடுக்கவில்லை. ஆவணியில் நான் எடுத்தேன். பசுவந்தனைக் காட்டை உழுது போட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்த நேரம். கயத்தாற்றிலிருந்து உங்கள் தங்கை வந்திருந்தார்கள். சின்னத்தையின் கோபம்தான் உங்களுக்குத் தெரியுமே.

“அக்கா போயி வருஷம் திரும்பல. கோயிலுக்கே போகக்கூடாதுன்னு இருக்கோம். இவ பொணம் பொதச்ச எடத்தப் பாக்கப் போணுமாக்கும்.”

“கோயிலுக்குத்தான போகக்கூடாது, சின்னத்த? இது கோயில் இல்லலா” என்றேன். “அவிய பாக்கணும்னு ஆசப்பட்ட எடம். நான் போறேன்.”

இத்தனை வருஷத்தில் நான் அவர்களிடம் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் மகன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிடவா என்றும் கேட்கவில்லை. நடந்தே போனேன்.

பஸ்ஸில் என்னை அறியாமல் பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டேன். யாரோ ஒரு அம்மாள், ஆள் வருதா என்று கேட்ட பிறகுதான் எடுத்து மடியில் வைத்தேன். திருநெல்வேலியில் இறங்கித் திருச்செந்தூர் பஸ் ஏறினேன். ஊர் வந்ததும், திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இறங்கிவிட்டேன்.

நம் கரிசல் மாதிரி இல்லை அந்த மண். சரளை மேடு, செக்கச்செவேல் என்று கிடக்கிறது. தோண்டிய குழிகளுக்கு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அதன் மேல் நடந்து பார்க்கவேண்டும். முதல் அடி வைக்கக் கால் வரவில்லை. கீழே முதுமக்கள் தாழிகள். எடுத்துக்கொண்டு போகாமல், இருந்தது இருந்தபடியே. ஒன்றின் பக்கத்தில் சின்னச் சின்னக் கலயங்கள். இந்த மாதிரித் தாழிகளில் நெல்லும் உமியும்கூடக் கிடைத்திருக்கிறது என்று அங்கே இருந்த ஊழியப் பெண் சொன்னாள். பயம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. யாரோ யாருக்கோ பார்த்துப் பார்த்து எடுத்து வைத்ததாகத்தான் தெரிந்தது. உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அப்போதுதான் உங்கள் மகன் போன் செய்தார். அம்மா சொன்ன இடத்துக்குப் போய்விட்டாயா என்று கேட்டார். காட்டு என்றார். அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு வீடியோவில் காட்டினேன். நெல் விஷயத்தையும் சொன்னேன். கடையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அம்மாவ எரிச்சிட்டோம்லா” என்றார். “கூட ஒண்ணும் வச்சு விடலையே.”

வெயிலாக இருக்கிறது, நிழலுக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் போன பிறகு சத்தம் விட்டு அழுதது அங்கேதான்.

சாயங்காலம் நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் உங்கள் மகன் பைக்கோடு நின்றிருந்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அடுத்து எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். சித்தன்னவாசல் என்றேன்.

போன வாரம் சின்னத்தை வந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் காப்பி குடித்தார்கள். டம்ளரை வைத்த பிறகு, உள்ளே எலும்பு இருந்ததா என்று கேட்டார்கள். பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர்கள் நெல் விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். போகும்போது படியில் நின்று, “வருஷம் திரும்பட்டும். அக்கா பாக்காமப் போன எடத்த நானாவது ஒருக்கா பாத்துட்டு வாரேன்” என்றார்கள்.

கூட்டிப் போவேன், அத்தை. கண்ணாடிக்குப் பக்கத்தில் போனதும் அவர்களுக்கும் கால் வராது, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். கையைப் பிடித்துக்கொள்வேன். அதற்கப்புறம் சித்தன்னவாசல். உங்கள் மகன் வந்தால் வரட்டும், கடையை விட முடியவில்லை என்றால் நான் தனியாகப் போவேன். எனக்குப் போகத் தெரியும் என்று இப்போது எனக்கே தெரிந்துவிட்டது.

என்றும் உங்கள் மருமகள்,
மல்லிகா