பவனி நடை

ஜூன் 3, திங்கள்

கடையில் ஜெராக்ஸ் மெஷின் இன்றைக்கும் காகிதத்தை மென்று துப்பியது. அதற்கும் எனக்கும் சத்தம் ஒரே மாதிரி என்கிறாள் லூயிசா. இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கரோல் கிண்டியிலிருந்து வரும்போது எட்டு மணி. மகள் பல்கலைக்கழகத்தில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கோயிலில் யார் கேட்டாலும், "உயிர் மருத்துவப் பொறியியல்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் கேட்டால் இருமுவேன். நான் படித்த பத்தாம் வகுப்புக்கு அவ்வளவுதான் வரும்.

எனக்குப் புரிந்த வரை: சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போனவர்களுக்கு ஒரு செருப்பு செய்கிறாள். நடக்கும்போது பாதத்தில் எங்கே அழுத்தம் அதிகமோ, அந்த இடம் கம்ப்யூட்டரில் சிவப்பாகத் தெரியும். மற்ற இடம் பச்சை. சிவப்பு கெட்டது.

"சுகர் இருக்கறவங்க ஆறு பேர் வேணும் டாடி. செப்டம்பர்ல கமிட்டி. அதுக்குள்ள செருப்பு வேலை செய்யுதுன்னு காட்டலைன்னா ப்ராஜெக்ட மூடிடுவாங்க."

ஆறு பேர்தானா? எங்கள் கோயில் பங்கில் சர்க்கரை இல்லாத ஆறு பேரைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து வாசலிலேயே ஐந்து பேரைப் பிடித்துவிட்டேன். முதல் ஆள் டெரன்ஸ் சார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஆறாவதாக நொச்சிக்குப்பத்தில் எங்களுக்கு மீன் போடும் சுப்பம்மா. அவள் லேசில் மசியவில்லை.

"என் காலு நல்லாத்தான் கீது நைனா. முள்ளு குத்தினாகூட வலிக்காது."

"அதுதான்மா வியாதியே" என்றேன். கொஞ்ச நேரம் என்னை முறைத்துவிட்டு, "செருப்பு இன்னா கலரு?" என்றாள். வருகிறாள்.

ஜூன் 15, சனி

ஆறு பேரையும் மாலையில் கோயில் மைதானத்துக்கு வரச் சொன்னேன். கரோலுக்குத் தெரியாது, பிள்ளைக்கு ஒரு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும்.

திருவிழாவில் தேர்ப் பவனியை வரிசையில் விடுவது பல வருஷமாக என் வேலை. மெழுகுவர்த்தி அணையாமல், முன்னால் போகிறவர் குதிகாலை மிதிக்காமல், மெத்து மெத்தென்று அடி வைக்க வேண்டும். ஒருவருக்கும் சிவப்பு வராமல் இருக்க அதையேதான் சொல்லிக் கொடுத்தேன், விசிலோடு.

"நடக்கறதுக்குக் கூடவா டிரெய்னிங்கு? நான் இன்னா போலீஸ்லயா சேரப் போறேன்?" என்றாள் சுப்பம்மா. ஆனால் அவள்தான் எல்லாரையும்விட நன்றாக நடந்தாள்.

ஜூன் 18

கிண்டிக்குக் கூட்டிப்போனேன். ஆறு பேருக்கும் பச்சை. பச்சையோ பச்சை! சந்தோஷத்தில் அவர்களுக்கு மைசூர்பா வாங்கப் போய், கடை வாசலில்தான் அவர்கள் யார் என்று ஞாபகம் வந்தது. சுண்டல் வாங்கினேன்.

ஜூன் 20

கரோல் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் போல.

ஜூன் 21

வெயில் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் செருப்புகளை வரிசையாக வைத்து, பிளேடால் அடிப்பாகத்தைக் கீறிக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன்.

"இவ்ளோ வருஷமா சுகர் இருக்கறவங்கள்ல ரெண்டு மூணு பேருக்காவது சிவப்பு வந்தே ஆகணும் டாடி. ஒருத்தருக்கும் வரல. உள்ள இருக்கற சென்ஸார் செத்துப்போச்சுன்னு எங்க கைடு நீரஜா மேடம் சொல்றாங்க. எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டு, முடியலைன்னா நிறுத்திக்கலாம்னாங்க."

நான் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன். கொடியில் காய்ந்த துணியை மறுபடி காயப்போட்டேன்.

அப்போ பச்சைன்னா பாஸ் இல்லையா? அந்தச் சிவப்பைக் காட்டத்தான் செருப்பே செஞ்சிருக்காளா? எவ்ளோ பெரிய முட்டாள்டா நீ, ஹென்றி. சொல்லணுமா? சொல்லாம எப்படி — அவ அங்க பிளேடோட உக்காந்திருக்கா —

ஜூன் 22

காலையில் சொன்னேன். மைதானம், வரிசை, மெத்து மெத்து, எல்லாம்.

கரோல் பிளேடை எடுத்து மேஜை ஓரத்தில் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்: "விசில் வேற ஊதினீங்களா டாடி?"

லூயிசா சமையலறையிலிருந்து, "ஊதாம இருப்பாரா?" என்றாள்.

கரோல் சிரிக்கவில்லை. கீறாத செருப்புகளை மட்டும் பையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஜூன் 24

இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு நீரஜா மேடத்தைப் பார்க்கப் போனேன். தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தேன்.

"கரோல் சனிக்கிழமையே வந்து சொல்லிட்டா சார். சென்ஸார் நல்லா இருக்கு, செக் பண்ணிட்டோம். ஆனா அன்னிக்கு நடந்தது எதுவும் கணக்குல வராது. முதல்லேருந்து செய்யணும்." பிறகு என் சட்டையைப் பார்த்தார். "நீங்க இனிமே வராண்டா வரைக்கும்தான்."

நியாயமான தண்டனை. வராண்டாவில் மின்விசிறிகூட இருக்கிறது.

ஜூலை 6

பழகியதை மறக்கடிக்கலாம் என்று கரோல் அனுமதியோடு டெரன்ஸ் சாரைப் பார்த்தேன்.

"சாதாரணமா நடங்க சார்."

"சாதாரணம்னா எப்படி ஹென்றி?"

நடந்து காட்டினார், அதே பவனி நடை. சொன்ன பிறகு ஒருவராலும் முடியாது போலிருக்கிறது. எனக்கும் கடை வரை கை கால் ஒத்துழைக்கவில்லை.

ஜூலை 19

கரோல் வழியை மாற்றிவிட்டாள். கிண்டியில் நடக்க வைக்காமல் செருப்பை வீட்டுக்கே கொடுத்தனுப்பப் போகிறாள். அழுத்தத்தைப் பதிவு செய்ய இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். "வேலை பாக்கறப்ப யாருக்கும் நடை ஞாபகம் இருக்காது டாடி."

எனக்கு இட்ட உத்தரவு: ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசவில்லை. சுப்பம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு, "இன்னா நைனா, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டபோதுகூட.

ஆகஸ்ட் 2

சிவப்பு!

டெரன்ஸ் சாருக்கு லேசாக, குதிகாலில். சுப்பம்மாவுக்கு இடது கட்டைவிரலுக்குக் கீழே, மீன் கூடையோடு படியேறும் ஒவ்வொரு தடவையும். திரையில் கன்றிப்போன மாதிரி இருந்தது. கரோல் வராண்டாவுக்கு ஓடிவந்து என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். கைதட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஒரு மனுஷியின் கால் அது.

ஆகஸ்ட் 3

சுப்பம்மாவைக் கால் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். தடித்த தோலைச் சீவியதும் அடியில் புண். சீழ் வைக்க ஆரம்பித்திருக்கிறது. எலும்புக்குப் போகவில்லை, நல்ல வேளை என்றார். இவ்வளவுக்கும் அவள் என்னோடு விலாங்கு மீன் பற்றிப் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணியுமே தெர்லியே நைனா" என்றாள்.

ஆகஸ்ட் 20

சுப்பம்மா வீட்டில் கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். மருமகள் வியாபாரம் பார்க்கிறாளாம். பேரம் பேசத் தெரியவில்லையாம். அந்த வலி மட்டும் நன்றாகத் தெரிகிறது.

செப்டம்பர் 27

கமிட்டி முடிந்தது. இன்னும் ஒரு வருஷம் கொடுத்துவிட்டார்கள்.

அறிக்கையில் ஒரு வரி இருக்கிறதாம்: பங்கேற்றவர்களுக்கு வெளியாள் ஒருவர் நடைப்பயிற்சி கொடுத்ததால் முதல் சுற்று விலக்கப்பட்டது. அந்த வரியை விட்டிருக்கலாம்; யாருக்கும் தெரிந்திருக்காது. கரோல் விடவில்லை. கமிட்டியில் ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, யார் இந்த வெளியாள் என்று கேட்டாராம்.

"எங்க அப்பா சார்னு சொன்னேன்" என்றாள். "எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் ஒரு மணி நேரம் சுப்பம்மா கால பத்தித்தான் கேட்டாங்க."

சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு துண்டு வஞ்சிரம் வைத்தாள். சாயங்காலம் சுப்பம்மா கொண்டுவந்தது. மூன்று மாடி, புண் ஆறிய காலோடு, அவளே ஏறி.