அக்கா கூட்டிய சபை

1943 ஆகஸ்ட் 1, ஞாயிறு. லாபு ரப்பர் தோட்டம், மலாயா.
காலையில் மழை. பால்வெட்டு இல்லை. ஜப்பான்காரன் வந்து சிங்கப்பூரில் என் கல்லூரியை மூடி ஒன்றரை வருடம். இன்னும் அக்கா வீட்டில். அத்தான் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, சாப்பிடுவது அவர் சோறு.

மாலையில் அக்காவின் சபை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர், வாத்தியார், நான். மரவள்ளிக்கிழங்கு, சீனியில்லாத கோப்பி. பாரிஸ் பற்றிப் பேசினேன். பதினெட்டாம் நூற்றாண்டு. பெண்கள் தங்கள் கூடத்தில் வாரம் ஒருநாள் எழுதுகிறவர்களைக் கூட்டினார்கள். பிரபுவும் கடிகாரம் செய்கிறவன் மகனும் ஒரே வரிசையில்.

"வீட்டுக்காரன்?" என்றார் டிரஸர்.

"மேசை ஓரத்தில். பேசாமல்."

அத்தான்: "அப்ப நான் பிரெஞ்சுக்காரன்தான்."

அக்கா சிரிக்கவில்லை. "பால்வெட்டுற முத்தம்மா பாட்டுக் கட்டுறாளாம். புருஷன் சயாம் ரயில் வேலைக்குப் போனவன், ஒரு சேதியும் இல்லை. அவளைக் கூப்பிடப் போறன்."

கைதட்டினேன்.

ஆகஸ்ட் 4.
வெயில். காலில் சிரங்கு. சோப்பு தீர்ந்தது. எதிலும் மனம் நிற்கவில்லை. புத்தகம் எடுத்தால் இரண்டு பக்கம்.
முத்தம்மா பாட்டுகளை எழுதிவைக்க வேண்டும். வேறு யாரும் எழுதப் போவதில்லை. ஆபீஸ் தாளின் பின்பக்கம் போதும்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு.
முத்தம்மா வந்தாள். அக்கா முன்வாசலால் கூட்டிவந்தாள். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் பின்வாசலோடு நிற்பதுதான் வழக்கம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பாடினாள்.

தாலி கட்டின கையாலே தண்டவாளம் தூக்குறியோ
புள்ள பேரு கேட்டுப்போக ஒருபொழுது வாரியோ

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கோப்பி கொடுத்தது நான். எங்களுக்குப் பீங்கான். அவளுக்கு, லயத்து ஆட்களுக்கென்று பின்வாசலில் மாட்டியிருக்கும் தகரக் குவளை. கை தானாகப் போனது. யோசிக்கவேயில்லை.

குவளையைப் பார்த்தாள். "பாட்டுக்கு முன்வாசலு, எனக்குப் பின்வாசலுங்களா சின்னையா?"

குடிக்காமல் எழுந்து போனாள். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 11.
மழை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கிழித்தேன். மூன்று தடவை லயத்துப் பக்கம் நடந்தேன். மூன்று தடவையும் பாதியில் திரும்பினேன். அக்காவோடு பேச்சில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது.

ஆகஸ்ட் 15, ஞாயிறு.
நான்கு மணி. கூடத்தில் யாருமில்லை. அக்கா சீலை மாற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

"எங்க?"

"முத்தம்மா வீட்டில சபை. லயத்துப் பொம்பிளையள் எல்லாம் வருகினம்."

"நானும் வரட்டே?"

"கேட்டனான். உன்னை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாள்."

அத்தான் உள்ளே குறட்டை. லயத்தில் பாட்டு தொடங்கிவிட்டது. பென்சிலோடு வாசலில் நிற்கிறேன். இங்கிருந்து சொற்கள் பிடிபடவில்லை.