கட்டில் கட்டிலாக ஒரு கட்டுரை

ஜூன் 6

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை, அதை விடு. உன் லிஃப்டுகள் எல்லாம் ஒழுங்காக ஏறி இறங்குகின்றனவா? என் மகள் லிஃப்ட் பழுது பார்க்கிறாள் என்று ஆஸ்பத்திரி வார்டில் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருவதுதானே எனக்குக் கஷ்டம்!

மாலைப் பள்ளியில் மறுபடியும் கட்டுரையில் கோட்டை விட்டேன். ‘மறக்க முடியாத நாள்’ என்பது தலைப்பு. நாள் என்றால் என்ன, சூரியன் ஏன் உதிக்கிறது, மறதி நல்லதா கெட்டதா என்று ஐந்து பக்கம் எழுதினேன். மணி அடித்துவிட்டது. டீச்சர் சிவப்பு மையில், ‘அந்த நாள் எப்போது வரும்?’ என்று கேட்டிருக்கிறார். ஒரு வரி எழுதினால் அது போதாதோ என்று இன்னொரு வரி. அது தப்போ என்று அதை விளக்க மூன்று வரி. யோசித்து யோசித்தே தலை சுற்றுகிறது.

பள்ளியில் செப்டம்பரில் வைக்கும் தேர்வுதான் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்கு வயது தாண்டிவிடும். ஆயுசுக்கும் ஆயா வேலைதான்.

வீட்டில் தாள் தீர்ந்துவிட்டது. வார்டு நோட்டில் மை கொட்டி வீணான பக்கத்தின் பின்புறம் எழுதுகிறேன். முன்புறம் இருப்பது அடுத்த ஷிப்டு ஆயாவுக்காகக் கிறுக்கியது. திருப்பிப் பார்க்காதே.

உன் அம்மா


ஜூன் 15

அன்புள்ள அம்மா,

திருப்பிப் பார்த்தேன். பார்க்காதே என்றால் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியாதா?

‘கட்டில் 1: காய்ச்சல் இறங்கியது. பசிக்கிறது என்றார்.
கட்டில் 2: வலி. சொல்ல மாட்டார். விரல்களைப் பாருங்கள்.
கட்டில் 3: மகன் வரவில்லை. கதவைப் பார்த்தே படுத்திருக்கிறார்.
கட்டில் 4: காலி.’

அம்மா, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஸ்பானரும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர், “என்னம்மா, கெட்ட சேதியா?” என்று கேட்டார். “இல்ல சார், எங்க அம்மா எழுதினது” என்று நீட்டினேன். படித்துவிட்டு மெல்ல, “நாலாவது ஆளு போயிட்டாரா?” என்றார். ஒரே ஒரு சொல், அம்மா! முன்பின் தெரியாத ஆளுக்காக இரண்டு பேர் கலங்கிப்போனோம். இப்படி எழுதத் தெரிந்தவளா தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாய்?

அந்த நோட்டில் கட்டிலுக்கு ஒரு விரற்கடை இடம்தான். கட்டுரையையும் அப்படியே எழுதேன். ஒரு கட்டிலுக்கு ஒரு விஷயம்.

ஒரு குறையும் உண்டு. எனக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். மூன்று வருடமாக ஒன்றை மட்டும் எழுதவில்லை. நான் வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று ஏன் வழியனுப்ப வரவில்லை? டூட்டி என்றாய். உனக்கு அன்று விடுமுறை என்று உன் வார்டு நர்ஸ் அக்கா பிறகு சொன்னார்.

உன் வாலு


செப்டம்பர் 28

அன்புள்ள மகளுக்கு,

பாஸ்.

அதே தலைப்புதான் வந்தது. பழக்க தோஷத்தில் ‘சூரியன்’ என்று தொடங்கி அடித்தேன். பிறகு கட்டில் எண் போட்டு எழுதினேன். கடைசியில் எண்களை அழித்துவிடலாம் என்றிருந்தேன், மறந்தே போனேன்!

“ஏம்மா, இது கட்டுரையா, ஆஸ்பத்திரியா?” என்று டீச்சர் வகுப்பில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் வாய்விட்டு வாசித்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பக்கம் குறைவு என்று பத்து மார்க் வெட்டினார். அதற்கு மேல் வெட்ட மனம் வரவில்லையாம்.

தாளையே அனுப்புகிறேன். நீ கேட்டதற்குப் பதிலும் அதுதான்.

அம்மா

‘கட்டில் 1: என் மகள் வேலைக்குப் புறப்பட்டாள். காலை ஆறு மணிப் பேருந்து.
கட்டில் 2: எனக்கு டூட்டி என்றேன். பொய். பொய்க்காகப் பச்சை யூனிஃபார்மும் போட்டுக்கொண்டேன்.
கட்டில் 3: அவளுக்குத் தெரியாமல் பேருந்து நிலையம் போனேன். தூணுக்குப் பின்னால் நின்றேன்.
கட்டில் 4: அவள் ஜன்னல் வழியே மூன்று முறை திரும்பிப் பார்த்தாள்.
கட்டில் 5: என் முகத்தைப் பார்த்திருந்தால் இறங்கியிருப்பாள்.
கட்டில் 6: வீட்டுக்கு வந்தேன். காலி.’


அக்டோபர் 5

அம்மா,

பன்னிரண்டு மாடி உயரத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளும் கால் நடுங்கியதில்லை. ஆறாம் கட்டிலைப் படித்தபோது நடுங்கியது. இதை எழுதியவள் வயிற்றிலா பிறந்தேன் என்று பிரமித்துப்போய் இருக்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம். மூன்று முறை இல்லை, நான்கு. நான்காவது முறை தூணுக்குப் பின்னால் பச்சையாக ஏதோ தெரிந்தது. யாரோ ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துவிட்டேன்.

ஆறாம் கட்டிலுக்கு விரிப்பு மாற்றி வை. சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். தூணுக்கு இந்தப் பக்கம் நில்.

வாலு