திம்பம் வழியே ஒரு கோடிச் சேலை

1-4-91, திங்கள். அம்பத்தூர்

பூசை முடிந்ததும் எதிர்வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தார்கள். தாளவாடியிலிருந்து பக்தவத்சலம், தங்கை ஜெகதாம்பாளுடைய கணவரின் தமையனார். காய்ச்சலில் கிடந்ததால் அவள் கணவரின் சாவுக்கு நான் போகவில்லை. வியாழனன்று பத்தாம் நாள். பிறந்த வீட்டுக் கோடியை, புது வெள்ளைச் சேலையை, நான் போட்டாக வேண்டும். கோடி போட்ட கையோடுதான் அண்ணன் தங்கையைத் தன் வீட்டுக்கு அழைக்க முடியும். அதுவும் வராவிட்டால், கேட்க ஆளில்லாதவள் என்று அங்கேயே வைத்துக்கொள்வார்கள். சமைத்துப்போட ஆள் வேண்டுமல்லவா?

தாளவாடிக்கு ஏறும் திம்பம் மலைப்பாதையில் காடு எரிகிறதாம். பேருந்து இல்லை, இருசக்கர வண்டிகளை மட்டும் விடுகிறார்களாம்.

மாலை பூந்தமல்லியில், ஹாஜா மொய்தீனின் துணிக்கடையில் வெள்ளைச் சேலை எடுத்தேன். என் பிள்ளையின் நண்பன். விவரம் கேட்டவன், "நம்ம புல்லட் எதுக்குக் கீது நைனா? சேலம் வரிக்கும் மாசாமாசம் சரக்கெடுக்கப் போறவன் நானு. அதுக்கு மேல கொஞ்ச தூரம், அவ்ளோதானே?" என்றான்.

நோன்பு மாதமாயிற்றே என்றேன்.

"நோன்பு எனக்குத்தான். வண்டிக்கு இல்ல."

2-4-91. சேலம்

வழியெல்லாம் அனல். உடம்பு என ஒன்று உண்டென்பதை இடுப்பு ஓயாமல் நினைவூட்டிற்று. ஹாஜா ஒரு நெசவாளரிடம் மாதிரிக்கென்று கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்தான்.

3-4-91. தாளவாடி

அடிவாரத்தில் வனக்காவலர் மறித்தார். "பெரியவர வெச்சுட்டு இந்தப் பொகைக்குள்ள எங்கீங்க போறீங்க?" கோடி என்றதும் தடுப்பைத் தூக்கிவிட்டார்.

பாலை பாடிய புலவர்களை ஆயுளெல்லாம் படித்திருக்கிறேன். பாடலில் தீ உண்டு, நெடி இல்லை. மூங்கில்கள் வேட்டுப்போல் வெடித்தன. ஒரு வளைவில் சரிவு முழுவதும் கனன்றது. முன்னால் இருந்த ஹாஜாவின் முதுகே தெரியவில்லை. பதிகம் சொல்ல வாய் திறந்தேன், இருமல்தான் வந்தது. மூச்சு — எங்கே போச்சு மூச்சு?

விழித்தபோது சாலையோரம் கிடந்தேன். தலையும் மார்பும் ஈரத்துணியால் சுற்றப்பட்டிருந்தன. கோடிச் சேலை. இருந்த குடிநீர் அனைத்தையும் அதில் கொட்டியிருந்தான்.

நனைந்த துணி கோடியாகாது. என்னடா பண்ணிட்டே, எல்லாம் போச்சே என்று ஏசினேன்.

"சேல போனா வேற வாங்கிக்கலாம் நைனா. உன்ன எந்தக் கடையில வாங்கறது?"

என்னைத் தன் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு மலையேறினான். ஊர் வந்து, நோன்பு திறக்கும் நேரமாகி, அவன் தண்ணீர் கேட்ட பிறகே அவன் வறட்சி எனக்கு உறைத்தது.

4-4-91, வியாழன்

தீயினால் சரக்கு வராத ஊரில் வெள்ளைப் புதுச்சேலை இல்லை. ஹாஜா பெட்டியைத் திறந்து மாதிரிச் சேலையை நீட்டினான்.

அதை ஜெகதாம்பாளின் தோளில் போர்த்தினேன்.

பக்தவத்சலம் எழுந்துவிட்டார். "என்ன மச்சான் இது? ஊருக்கெல்லாம் முறை சொல்றவர் நீங்க. தாலியறுத்தவளுக்குக் கலர் சேலையா?"

படித்தவற்றுள் ஆதாரம் தேடினேன். அகப்படவில்லை. "எங்க வீட்டுக் கோடி. போட்டாச்சு. தங்கச்சியக் கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

ஜெகதாம்பாள் தலை நிமிராமல் முந்தானையைத் தடவிக்கொண்டிருந்தாள். "எப்ப அண்ணே கெளம்பறது?" என்று மட்டும் கேட்டாள்.

செய்தது தகுமா? அறியேன்.

9-4-91

மலைப்பாதை திறந்து, பேருந்தில் வந்து சேர்ந்தோம்.

14-6-91, வெள்ளி. அம்பத்தூர்

கோயிலில் என்னிடம் முறை கேட்க வருபவர் குறைந்துவிட்டனர். படிக்க நேரம் கிடைக்கிறது.

காலையில் ஜெகதாம்பாள், "அண்ணே, ஹாஜா கடைப்பக்கம் போனா பச்சையில ஒண்ணு எடுத்துகினு வா. கரை சின்னதா இருக்கட்டும்" என்றாள்.

போய் வந்தேன். கரை சற்றுப் பெரிதுதான்.