பொய் ஜன்னல்

தோர்ன்லி மாளிகை, டெர்பிஷயர்
நவம்பர், செவ்வாய்

என் பிடிவாதக்காரருக்கு,

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் உங்கள் கட்டிலைக் கீழே நூலக அறைக்கு இறக்கிவிட்டேன். மாடிப்படியைப் பற்றி இப்போது பேச வேண்டாம். டாக்டர் பேசியதே போதும்.

அங்கே இருக்கும் ஒரே ஜன்னல் குதிரை லாயத்தைப் பார்க்கிறது. வாசல் பக்கம் இருப்பதோ பொய் ஜன்னல். கதவுக்கு இருபுறமும் சரிசமமாக இருக்க வேண்டுமென்று உங்கள் முன்னோர் வெளியே சட்டமும் கண்ணாடியும் பொருத்தி, பின்னால் கல்லை அடுக்கிக் கறுப்புச் சாயம் பூசிவிட்டார்கள். "வீட்டோட முகத்துல கை வைக்காதே" என்பீர்கள்.

வைக்கவில்லை. கொத்தனார் கார்சைடைக் கூப்பிட்டு, உள்ளேயிருந்து கல்லை எடுக்கச் சொன்னேன்.

"ஐயா வந்தா என்னை உரிச்சுடுவாரும்மா."

"முதல்ல வரட்டும்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முதல் கல்லைப் பெயர்த்தார்.

வெளியே எதுவும் மாறவில்லை. உள்ளே, படுத்தபடியே பீச் மரங்களும் வாசல் பாதையும் கேட் வரைக்கும் தெரிகின்றன. நானே படுத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கார் கேட்டில் திரும்பும்போது இருட்டியிருக்கும். கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். இந்த வீடு கட்டிய நாளிலிருந்து இருண்டே கிடந்த ஜன்னலில் விளக்கு எரியும். அதுதான் நம் அறை.

கை முழுக்கக் கல்தூசியுடன்,
உங்கள் மனைவி